கதிருக்கு, கடை வாடகை விஷயமாக

அன்புள்ள கதிர்,

இங்கு நலம். ரம்யாவும் குட்டியும் நலம்தானே? அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால்தான் பழைய கதை. போனில் கூப்பிட்டால் நீ "எல்லாம் ஓகேப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பாலு மகன் டாலஸிலிருந்து வந்திருந்தான். உன் பைக் கடைப் பக்கம் போனானாம். அவன் சொன்னதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஒரு கடை சாத்தியிருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நீ வந்த டிவி நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த சீசன் எப்போது என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நான்தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அதை விடு. நான் எழுத வந்தது ஆரஞ்ச் கவுண்டி சாப்பர்ஸ் பற்றி, முன் ஃபோர்க்கை நீட்டி சாப்பர் பைக் கட்டுகிற அந்தக் கம்பெனி. நினைவிருக்கிறதா, பரீட்சைக்குப் படிக்காமல் ராத்திரி டிஸ்கவரியில் 'அமெரிக்கன் சாப்பர்' பார்த்துக்கொண்டிருப்பாய். அந்தப் பெரியவர் பால் டட்டுல் கத்துகிற கத்தலில் அம்மா சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள். நீ வண்டியைப் பார்ப்பாய், நான் பின்னால் இருக்கிற மெஷின்களைப் பார்ப்பேன். தீயணைப்பு வீரர்களுக்காக ஒரு சிவப்பு வண்டி செய்தார்களே, அதன் டேங்கைப் பார்த்துவிட்டு நீ நம் பட்டறையில் தகரத்தை அடித்து வீணாக்கிய கணக்கு என்னிடம் இன்னும் இருக்கிறது.

அந்த மனிதர் முதலில் வண்டிக்காரர் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் படிக்கட்டு, கைப்பிடி, இரும்புச் சட்டம் என்று ஃபேப்ரிகேஷன் வேலை செய்தவர். நம்மைப் போல ஆர்டர் பிடித்துச் செய்கிற இரும்பு வேலைதான். 1999-ல் சாப்பர் கம்பெனி ஆரம்பித்தார். 2002-ல் டிவிக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் உனக்கே தெரியும். ஊரெல்லாம் அவர்கள் படம் போட்ட பனியன்.

எனக்கு உறுத்துவது அந்தக் கட்டடம். 2008-ல் நியூபர்க்கில் ஒன்று கட்டினார்கள். பட்டறை, ஷோரூம், பொம்மையும் பனியனும் விற்கிற கடை எல்லாம் ஒரே கூரையின் கீழ். 60,000 சதுர அடிக்கு மேல் என்று படித்தேன். வண்டி கட்ட எதற்கப்பா அவ்வளவு இடம்? கேமராவுக்கும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும்தான். அதே வருஷம் அமெரிக்காவில் பணச் சந்தை கவிழ்ந்தது. அதே வருஷம்தான் அப்பனும் மகனும் கேமரா முன்னால் சண்டை போட்டு, அப்பன் மகனை வேலையை விட்டு நீக்கினார். 2011-ல் கட்டடம் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போய்விட்டது. தான் கட்டிய இடத்திலேயே வாடகைக்கு இருக்க வேண்டிய நிலை. 2012 கடைசியில் நிகழ்ச்சியும் நின்றது.

இதில் யாரும் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை. வேலையும் மோசமில்லை. பிரச்சினை கணக்கில். நிகழ்ச்சி ஓடும்போது பெரிய கம்பெனிகள் தங்கள் பெயரில் ஒரு வண்டி கட்டச் சொல்லிப் பணம் கொடுத்தன. ஸ்னாப்-ஆன் மாதிரி டூல்ஸ் கம்பெனிகள்கூட. அவர்கள் வாங்கியது வண்டியை இல்லை, டிவியில் வருகிற அந்த ஒரு மணி நேரத்தை. டிவி போனதும் அந்த ஆர்டரும் போய்விடும். ஆனால் வாடகை ஒன்றாம் தேதி வந்து நிற்கும். அதனால்தான் கேட்கிறேன், உன் இடத்துக்கு வாடகை எவ்வளவு? ஒப்பந்தம் கம்பெனி பெயரிலா, உன் பெயரிலா?

டிவியில் வராதவர்களும் பிழைத்துவிடவில்லை. நீ இருக்கிற ஊருக்குப் பக்கத்தில், ஃபோர்ட் வொர்த்தில், அமெரிக்கன் அயர்ன்ஹார்ஸ் என்று சாப்பர் செய்கிற கம்பெனி இருந்தது. 2008-ல் திவால். கான்சாஸில் பிக் டாக் 2011-ல் மூடியது. வீட்டு மேல் கடன் எடுத்து வண்டி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. வீட்டு விலை விழுந்ததும் பின்னால் 300 மில்லி டயர் போட்ட வண்டி யாருக்கு வேண்டும்?

ஜெஸ்ஸி ஜேம்ஸைத் தெரியுமே உனக்கு. லாங் பீச்சில் வெஸ்ட் கோஸ்ட் சாப்பர்ஸ் வைத்திருந்தவர். அவருடைய டிவி நிகழ்ச்சி 'மான்ஸ்டர் கராஜ்' 2006-ல் முடிந்தது, 2010-ல் அந்தக் கடையை மூடினார். டெக்ஸாஸுக்கே வந்தார், ஆஸ்டினுக்கு. சில வருஷம் கழித்து அதே பெயரில் மறுபடி வண்டி வேலை, கூடவே துப்பாக்கி செய்கிற வேலை. துப்பாக்கி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கடையை மூடிவிட்டு வேறு ஊரில் மறுபடி திறந்தாரே, அதை எந்த ஊரிலும் யாரும் அவமானம் என்று சொல்லவில்லை. இதைச் சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

டட்டுல் பெரியவருக்கு 2018-ல் என்ன நடந்தது என்று பார். நிகழ்ச்சி மறுபடி தொடங்கியது அந்த வருஷம். அவரும் மகனும் நாற்காலி வீசிச் சண்டை போட்ட பழைய காட்சியைப் படங்களாக்கி உலகமே போனில் அனுப்பிச் சிரித்ததும் அந்த வருஷம். நீயும் எனக்கு அனுப்பினாய். நான் சிரிக்கவில்லை, ஏன் என்று நீயும் கேட்கவில்லை. அதே வருஷம் அவர் மில்லியன் டாலருக்கு மேல் கடன் காட்டித் திவால் மனு கொடுத்தார். அவர் பெயரில், கம்பெனி பெயரில் இல்லை. பிறகு ஃப்ளோரிடாவில் ஓட்டலும் மியூசியமுமாகத் திறந்தார்கள். பழைய வண்டிகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி. பெயர் மிஞ்சியது, அதை வைத்துச் சாப்பாடு விற்றார்கள். தப்பே இல்லை.

அவருக்கு டேனியல் என்று இன்னொரு மகன். டிவியில் அதிகம் வராதவன். அப்பா விட்டுவிட்டு வந்த இரும்பு வேலையை அவன் எடுத்து நடத்தினான். படிக்கட்டு, கைப்பிடி. அண்ணனும் தம்பி மைக்கேலும் பனியனில் இருந்த காலத்தில் அவன் பீம் ஏற்றிக்கொண்டிருந்தான். உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதை அவனுக்கு எழுதாதீங்க, குத்திக் காட்டுற மாதிரி இருக்கும்" என்றாள். எழுதிவிட்டேன். நீ நல்ல சம்பளத்தை விட்டதைச் சொல்லவில்லை. அது நடந்து முடிந்தது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் நீ கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போன வருஷம் படம் அனுப்பிய வண்டி, நீட்டின ஃபோர்க் இல்லாமல், குட்டையாக, அந்தப் பச்சை டேங்க் வைத்தது, அதைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். மணி ஃபிட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "வெல்டிங் தம்பியே வெச்சதுங்களா?" என்றார். அவர் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கை உன்னிடம் இருக்கிறது. கேமரா இருந்தபோது அது தேவைப்பட்ட அளவுக்குத் தெரியவே இல்லை. நிகழ்ச்சியில் உன்னைக் கத்தத்தான் வைத்தார்கள்.

ஆகவே, ரிப்பேர் வேலை வந்தால் எடு. சின்ன வேலை என்று திருப்பி அனுப்பாதே. ஆயில் மாற்றினாலும் காசுதான். பெரிய இடம் வேண்டாம். நான்கு பேர் செய்கிற வேலைக்கு ஆறு பேர் வேண்டாம், அனுப்புவதானால் சம்பளப் பாக்கி வைக்காமல் அனுப்பு. முன்பணம் வாங்கிய வண்டிகளை முதலில் முடித்துக் கொடு. வாடகை ஒப்பந்தத்தில் சொந்த ஜாமீன் என்று, அதாவது கம்பெனி கட்டாவிட்டால் நீ கட்ட வேண்டும் என்று, ஏதாவது இருக்கிறதா பார். சூலூர் மாமா கையெழுத்துப் போட்ட கதை உனக்குத் தெரியும், நான் மறுபடி எழுத வேண்டியதில்லை. வீட்டுப் பத்திரம் எங்கேயும் போகக் கூடாது. ரம்யாவையும் கையெழுத்துப் போட வைக்காதே. ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் சொல், திட்ட மாட்டேன்.

ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுகிறாய் என்று ஒரு வீடியோவில் பார்த்து அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அதையும் கவனி.

இங்கே பம்ப் ஆர்டர் பரவாயில்லை. சின்ன லேத்தை விற்கலாம் என்று யோசிக்கிறேன். அதற்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா இடம் அடைக்கிறது. நல்ல விலை கேட்கிறார்கள்.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கடைசிப் பக்கம் மட்டும் போதாது. ஆடிட்டர் மாமா அமெரிக்க விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுகிறேன் என்றிருக்கிறார். அவரிடம் உன் பெயரைச் சொல்லவில்லை, தெரிந்த பையன் ஒருவன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் திங்கள் காலையில் நேரில் போய்ப் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா