கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: 2024-25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டு நிலங்களின் விவசாயிகளுக்கும், நிலமில்லாவிட்டாலும் கண்மாயை நம்பிப் பிழைக்கும் ஊர்ப் பொதுமக்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது சங்கத்தின் பணிகளைப் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நிர்வாகக் குழு ஏழு முறை கூடியது. கூட்டக் குறிப்பேடு மேசை மேல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இவை வழக்கமான செய்திகள் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொண்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் விரிவாகப் பேச அனுமதி கேட்கிறேன். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "கண்மாயை அரசு நம்மிடம் ஒப்படைத்துவிட்டதா, இல்லையா?" என்று கேட்டார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு நாம் எடுத்த ஒவ்வொரு வேலையும் ஏதோ ஒரு விதத்தில் அந்தக் கேள்வியிலேயே போய் முட்டியது.

நமது கண்மாயின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு உட்பட்டது என்பதால் அது ஊராட்சி ஒன்றியக் கண்மாயாகக் கணக்கில் உள்ளது. நமக்கு மேலே, நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் புறப்படும் பெரிய கண்மாய் அந்த அளவைத் தாண்டியது என்பதால் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. சிவகங்கைச் சீமையின் மற்ற பல கண்மாய்களைப் போலவே இவ்விரண்டும் ஜமீன் காலத்தவை. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அரசு ஏற்றுக்கொண்டு, ஆயக்கட்டின் அளவை வைத்து இரண்டு கைகளில் பிரித்துக் கொடுத்தது. மாநிலத்தில் உள்ள சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. சுமார் 14,000 துறையிடமும் மற்றவை உள்ளாட்சியிடமும் உள்ளன. மேலிருந்து கீழே ஒன்றில் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் மற்றொன்றின் வரத்தாகத் தொடரும் சங்கிலியை, தண்ணீர் ஓடும் திசையைப் பார்க்காமல் ஏக்கர் கணக்கைப் பார்த்து வெட்டியது எனக்கு இன்றுவரை விளங்காத ஏற்பாடு.

சட்டப்படி நமக்கு என்ன கிடைத்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பதினோராவது அட்டவணை என்ற பெயரில் 29 இனங்களை ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிட்டது. சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்வடிப்பகுதி மேம்பாடு ஆகியவை அதில் மூன்றாவது இனம், மீன்வளம் ஐந்தாவது, சமூகக் காடுகள் ஆறாவது. ஆக, கண்மாயின் தண்ணீர், மீன், மரம் மூன்றும் ஒரே பட்டியலில் அருகருகே நிற்கின்றன. ஆனால் இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்கு "வழங்கலாம்" என்றுதான் 243ஜி பிரிவு சொல்கிறதே தவிர, "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை முதலில் உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டு, அதைச் செலவிடும் திறனைப் பிறகு வளர்த்தார்கள். நம் பக்கம் பொறுப்புகள் முதலில் வந்தன. பணமும் உரிமையும் இன்னும் வழியிலேயே இருக்கின்றன.

இந்த ஆண்டின் முதல் பெரிய வேலை கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாயில் படிந்த கரம்பையை, அதாவது வண்டல் மண்ணை, எடுப்பது. 2024 ஜூன் மாதத்தில் அரசு சிறு கனிம விதிகளைத் திருத்தி, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி வண்டலும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கியது. அதற்கு முன் ஒவ்வொரு மனுவும் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டியிருந்ததால், அனுமதி கைக்கு வருவதற்குள் கண்மாயில் தண்ணீர் வந்துவிடும். அதிகாரத்தை ஒரு படி கீழே இறக்கினாலே எவ்வளவு மாற்றம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்ற அளவில் நமது உறுப்பினர்கள் பலரும் கரம்பை அடித்தார்கள். ஆயினும் சிக்கல் வேறு வடிவில் வந்தது. மண் எடுக்க வேண்டிய இடத்தை அளந்து காட்டும் வேலை வேறோர் அலுவலகத்தைச் சேர்ந்தது; அங்கே நமது மனுக்களில் ஒரு பகுதி மழை தொடங்கும்வரை கிடந்தது. கிடைத்த நாட்களில் சிலர் வண்டி நிறுத்த வசதியான கரையோரத்தை ஒட்டியே தோண்டியதையும் மறைக்க விரும்பவில்லை. கரையின் அடிப்பகுதியை அரிப்பது கரையை அறுப்பதற்குச் சமம் என்பது இங்குள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சங்கத்தின் ஆட்கள் நேரில் நின்று அதைத் தடுத்தார்கள். ஆனால் தடுப்பதற்கான அதிகாரம் எந்தத் தாளிலும் நம் பெயரில் இல்லை.

இரண்டாவது, மரங்கள். உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பதை அனைவரும் அறிவோம். வரத்துக்காலில் மண்டியதைச் சென்ற கோடையில் நூறு நாள் வேலையில் வெட்டினோம்; வேரைப் பறிக்காததால் கார்த்திகைக்குள் இடுப்பளவுக்குத் துளிர்த்துவிட்டது. உள்வாயில் நிற்பவற்றை நாமாகத் தொட முடியாது. வனத்துறை மதிப்பீடு செய்து, பிறகு ஏலம் விட வேண்டும். ஏலம் எடுப்பவர் விறகுக்கு ஆகும் தண்டை மட்டும் கொண்டுபோவார், வேரை நமக்கு விட்டுச் செல்வார். நாட்டுக் கருவேல மரங்களின் கதை இன்னும் பழையது. 1981-இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் அவை நடப்பட்டன. நட்டது ஒரு துறை, நிழலும் மண்ணும் கண்மாயுடையவை, வருமானத்தின் கணக்கு வேறு. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலமும் அப்படியே. அந்தத் தொகை உள்ளாட்சிக் கணக்கில் சேர்கிறது, மடையின் கதவு துருப்பிடித்தால் நாம்தான் வீட்டுக்கு வீடு வரி போடுகிறோம்.

2024 ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதை எழுப்பினோம். மீன்பாசி ஏலத் தொகையில் ஒரு பங்கைக் கண்மாய் மராமத்துக்கே ஒதுக்க வேண்டும் என்ற நமது கோரிக்கை தீர்மானமாகப் பதிவானது. மேல்நடவடிக்கைக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் நமது மாவட்டம் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016 அக்டோபருக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதே நிலையைக் கண்டவர்கள் நாம். பல ஊராட்சிகளின் பொறுப்பை ஒரே அலுவலர் சுமக்கும்போது அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் அதிகாரத்தை உள்ளூர் அமைப்புக்கு மாற்றுவது பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் அந்த உள்ளூர் அமைப்பின் நாற்காலியே காலியாக இருக்கிறது என்பதை இந்த அறிக்கையில் பதிவு செய்யாமல் விட முடியவில்லை.

மூன்றாவது, மேல்கண்மாயுடன் ஏற்பட்ட பூசல். இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட மிகுதியாகவே பெய்தது. மேல்கண்மாய் நிறையும் தறுவாயில் அந்த ஊர்க்காரர்கள் உபரி நீர் வழியும் கலுங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, மறுகாலைத் தடுத்தார்கள். அவர்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும்: அவர்களது உள்வாய் மேடேறிப்போனதால் கலுங்கு மட்டத்தில் நிற்கும் தண்ணீர் கடைசிப் பட்டத்துக்குப் போதுவதில்லை. நமது இளைஞர்கள் இரவோடிரவாக மூட்டைகளை அகற்றப் போவதாகச் சொன்னபோது, தலைவரும் நானும் காலையில் நேரில் போய்ப் பேசுவதாகக் கேட்டுக்கொண்டு தடுத்தோம். இரண்டு நாள் பேச்சுக்குப் பின், அவர்களே மூட்டைகளில் ஒரு வரிசையை எடுத்தார்கள். இதில் எந்தத் துறையும் தலையிடவில்லை. தலையிட்டிருந்தால் தை மாதம்தான் தண்ணீர் வந்திருக்கும். ஆனாலும் இந்த வழி நிலைக்காது. இரண்டு ஊர்ப் பெரியவர்களின் பழக்கத்தின் மேல் ஒரு சங்கிலித் தொடர் முழுவதையும் நிறுத்த முடியாது. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம், 1997-இல் ஆந்திரம் இயற்றிய சட்டத்தின் வழியில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தலும் ஐந்தாண்டுப் பதவிக்காலமும் வகுத்தது. 2007-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தில் அத்தகைய சங்கங்கள் பெருமளவில் அமைந்தன. திட்டப் பணம் ஓடியவரை அவற்றில் பல ஓடின. பிறகு பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சியது. திட்டத்துக்காகப் பிறக்கும் சங்கம் திட்டத்தோடு போய்விடும் என்பதை நாமும் மனத்தில் வைக்க வேண்டும்.

ஆக்கிரமிப்பு பற்றி ஒரு செய்தி. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தை மேற்கோள் காட்டி நாம் கொடுத்த மனு திரும்பி வந்தது. அந்தச் சட்டம் பொதுப்பணித்துறையின் (மேல்கண்மாய்க்கு இன்றைய நீர்வளத் துறையின்) பொறுப்பில் இருந்த ஏரிகளுக்கானது. நமது கண்மாய் ஒன்றியத்துடையது. எனவே 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் புதிதாக மனு எழுதியுள்ளோம். ஒரே வரத்துக்காலின் மேல்பாதிக்கு ஒரு சட்டமும் கீழ்பாதிக்கு நூறாண்டுக்கு முந்தைய வேறொரு சட்டமும் பொருந்துகிறது.

நீர்வடிப்பகுதிப் பணிகளில் சொல்வதற்கு அதிகம் இல்லை. மேட்டுப் புஞ்சைகளில் வரப்பு உயர்த்தி, இரண்டு பண்ணைக் குட்டைகளை ஆழப்படுத்தினோம். மத்திய அரசின் 1995-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பயனாளிகள் குழுவிடம் பணத்தைக் கொடுத்தது. 2003-இல் 'ஹரியாலி' என்ற வழிகாட்டுதல் வந்து ஊராட்சியிடம் மாற்றியது. 2008-இல் பொது வழிகாட்டுதல் கிராம சபை அமைக்கும் நீர்வடிப்பகுதிக் குழுவிடம் திருப்பியது. பொறுப்பு இப்படிக் கைமாறிய ஒவ்வொரு முறையும் பழைய குழு கட்டிய தடுப்பணையைப் பராமரிக்கப் புதிய குழு முன்வரவில்லை. ஓடைக்கு மேலே உள்ள தடுப்பணையின் பக்கச் சுவர் சரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் மண்வேலை எளிது, கட்டுமான வேலை கடினம். கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதத்தால் கரையில் மண் போடலாம்; நமக்கு அவசரமாகத் தேவைப்படும் கடைமடைச் சீரமைப்புக்குக் கொத்தனாரும் சிமென்டும் வேண்டும். மேலும் நவம்பர் இறுதியிலிருந்து மாநிலம் முழுவதும் கூலி பல மாதங்கள் நிலுவையில் நின்றதால், நாளொன்றுக்கு 319 ரூபாய் என்று அறிவித்த கூலியை நம்பி வேலைக்கு வந்த பெண்கள் நம்மிடம் வந்து கேட்டார்கள். வேலையை அடையாளம் காட்டியது நாம்; கூலி தருவது நாமல்ல. அந்த வேறுபாட்டை அவர்களிடம் எடுத்துச் சொன்ன நாள் இந்த ஆண்டில் எனக்கு மிகவும் சங்கடமான நாள்.

இங்கே உறுப்பினர்கள் சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கண்மாயை ஊராரே செப்பனிடும் வழக்கமான குடிமராமத்து என்ற சொல்லை நாம் பெருமையாகச் சொல்கிறோம். 2017-இல் அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கி, விவசாயிகளின் பங்கு 10 விழுக்காடு என்று அதே பெயரில் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. ஆனால் 1858-இல் ஆங்கிலேயர் இந்த வழக்கத்தைச் சட்டமாக்கியபோது அதற்கு இட்ட பெயர் கட்டாய உழைப்புச் சட்டம். அந்தக் காலத்தில் மண் சுமந்தவர்கள் யார், தண்ணீர் பாய்ந்தது யாருடைய வயலில் என்பதை ஊரறியும். உத்திரமேரூரின் ஏரி வாரியத்தைக் குடவோலைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கல்வெட்டு, வரி செலுத்தும் நிலம் உள்ளவரே உறுப்பினராகலாம் என்றும் சொல்கிறது, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டாவது விதியை நாம் வைத்துக்கொள்வோம். முதலாவதை விட்டுவிடுவோம் என்பது என் கருத்து. கண்மாயில் ஆடு மாடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் ஆகியோருக்கு இன்றைய விதிப்படி வாக்கில்லை. கருவேலத்தை வேரோடு அகற்றும் தீர்மானத்தை நாம் போட்டபோது, அதனால் அடுப்பு அணையப் போகிறவர்கள் எவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஆகவே நிர்வாகக் குழுவின் சார்பில் மூன்று தீர்மானங்களை இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஆயக்கட்டில் நிலமில்லாத, கண்மாயைப் பயன்படுத்தும் குடும்பங்களும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேரும்படி துணை விதியைத் திருத்துவது முதலாவது. மேல்கண்மாய், நமது கண்மாய், கீழேயுள்ள இரண்டு ஊர்க் கண்மாய்கள் ஆகியவற்றின் சங்கங்களிலிருந்து இரண்டிரண்டு பேர் கூடி, கலுங்கு மட்டத்தையும் மடை திறக்கும் முறையையும் எழுத்தில் வைக்கும் கூட்டுக் குழுவை ஆடி மாதத்துக்குள் அமைப்பது இரண்டாவது. தேர்தல் நடந்து புதிய ஊராட்சி மன்றம் அமைந்ததும், மீன்பாசி ஏலத்தையும் மர வருமானத்தையும் மராமத்துச் செலவுடன் இணைத்து ஓர் ஒப்பந்தத்தை அதன் முன் வைப்பதற்கான வரைவை இப்போதே தயாரிப்பது மூன்றாவது.

கடைசியாக, வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நமது நீர்பாய்ச்சியின் கூலி. ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்ற பழைய கணக்கில்தான் அவருக்கு இன்னும் அளக்கிறோம். சென்ற பட்டத்தில் பதினோரு பேர் அதையும் அளக்கவில்லை. அவர்களின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. அடுத்த மடை திறப்புக்கு முன் அது காலியாக வேண்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்