வாயை விரிவாய்த் திறக்குமுன்

அன்புள்ள அருள்தாஸ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. பல சபைகள் சேர்ந்த உன் சேகரத்தில் மாதம் இரண்டு ஞாயிறு பிரசங்கம் உன் பொறுப்பில் வந்திருப்பது கேட்டு சந்தோஷம். ஆனால் கடிதத்தில் பாதியை அந்தச் சபை மூப்பரின் கேள்வி எடுத்துக்கொண்டுவிட்டதே! "குறிப்பு எழுதி வைத்துப் பேசினால் ஆவியானவருக்கு ஏது இடம்?" என்று கேட்கிறவரை லேசாகத் தள்ளிவிடாதே. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவர் எடுத்துக் காட்டுகிற வசனங்களில்தான் இல்லை.

முதலில் சங்கீதம் 81:10. "உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்." ஆயத்தமில்லாமல் பீடம் ஏறுகிறவர்களுக்கெல்லாம் இதுதான் அடைக்கலம். அதே வசனத்தின் முன்பாதி எகிப்திலிருந்து கொண்டுவந்த தேவனைப் பற்றியது. வாய் எதனால் நிரம்பும் என்பதை அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனமே சொல்லிவிடுகிறது: உச்சிதமான கோதுமை, கன்மலையின் தேன். அது சாப்பாட்டைப் பற்றிய வசனமப்பா, பிரசங்கத்தைப் பற்றியதல்ல.

அடுத்து மத்தேயு 10:19, என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்பது. முந்தின இரண்டு வசனங்களைப் படி. பிடித்துக் கொடுக்கப்பட்டு, அதிபதிகளுக்கும் ராஜாக்களுக்கும் முன்னால் நிற்கிறவனுக்குச் சொன்ன ஆறுதல் அது. சபையின் ஆண்டுக் குறிப்பேடான ஆல்மனாக்கில் ஞாயிறு வேதபாடம் அச்சாகி, முறைப் பட்டியலில் பெயரும் வந்துவிட்டவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. "எழுத்து கொல்லுகிறது" என்ற 2 கொரிந்தியர் 3:6ம் அப்படித்தான். சுற்றிலும் பேச்சு கற்பலகைகளைப் பற்றி, மோசேயின் உடன்படிக்கையைப் பற்றி. புத்தகம் படிப்பதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

கனமான வசனம் அப்போஸ்தலர் 4:13. பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்று அங்கே நேராகவே எழுதியிருக்கிறது, மழுப்ப முடியாது. ஆனால் அதே வசனம், அவர்கள் இயேசுவுடனேகூட இருந்தவர்கள் என்றும் சொல்கிறது. இரண்டு வசனம் முன்னால் பார்த்தால், பேதுரு வீடுகட்டுகிறவர்கள் தள்ளின கல்லைப் பற்றிப் பேசுகிறார். அது சங்கீதம் 118:22. பள்ளிக்கூடம் போகாதவர் வேதத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்.

பவுலை இன்னும் நெருங்கிப் பார். மனுஷஞானத்தை உரித்துப் போடுகிற இடம் 1 கொரிந்தியர் முதல் மூன்று அதிகாரம். அந்த மூன்றுக்குள் எத்தனை முறை பழைய ஏற்பாட்டைத் தொடுகிறார் என்று எண்ணு: 1:19இல் ஏசாயா 29, 1:31இல் எரேமியா 9, 2:9இல் ஏசாயா 64, 2:16இல் ஏசாயா 40, 3:19இல் யோபு 5, 3:20இல் சங்கீதம் 94. யூத வேத ஆசிரியர் கமாலியேலின் பாதத்தில் படித்தது எங்கேயும் போகவில்லை. அவர் அடிப்பது "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று ஆளுக்கொரு பேச்சாளரைத் தூக்கிப் பிடித்த கொரிந்தியரின் பெருமையை. படிப்பு அங்கே பிரதிவாதி அல்ல.

இந்தக் கேள்வி பழையதுதான். ஆதித் திருச்சபையின் போதகர் அகுஸ்தீனார் வேத வியாக்கியானத்துக்கு விதிகள் எழுதியபோதே, "எங்களுக்கு தேவன் நேராகக் காட்டுகிறார், விதி எதற்கு?" என்று கேட்பவர்களை எதிர்பார்த்து முகவுரையிலேயே பதில் வைத்தார்: எழுத்துக்கூட்டி வாசிக்க மனிதரிடம்தானே கற்றீர்கள்? அப்போஸ்தலர் 10இல் வருகிற ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவையும் அவர் காட்டுகிறார். தேவதூதன் வந்து நின்றும், சுவிசேஷத்தை அவனே சொல்லவில்லை. யோப்பாவில் கடலோரம் தோல் பதனிடுகிற சீமோனின் வீடு என்று விலாசம் கொடுத்துப் பேதுருவைக் கூப்பிடச் சொன்னான்.

மூப்பர் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். பரத்திலிருந்து வருகிற ஞானத்துக்கு யாக்கோபு 3:17 தருகிற அடையாளங்கள்: சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம், பட்சபாதமின்மை, மாயமின்மை. இவற்றில் ஒன்றைக்கூட எந்தக் கல்லூரியிலும் பரீட்சை வைத்துக் கொடுக்க முடியாது. கத்தோலிக்கர் கொண்டாடுகிற ஜான் மரிய வியான்னி லத்தீன் வராமல் தத்தளித்து, 1815இல்தான் குருப்பட்டம் பெற்றார். பிற்பாடு அவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆர்ஸ் என்ற சின்னக் கிராமத்துக்கு பிரான்சு முழுவதிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். அவரும் ஆரம்ப வருஷங்களில் பிரசங்கங்களைப் பாடுபட்டு எழுதி மனப்பாடம் செய்தவர்தான் என்பதை மட்டும் நம் ஆட்கள் சொல்லமாட்டார்கள்!

சரி, வேலைக்கு வா. திங்களன்று ஜெபித்துவிட்டு, பாடப் பகுதியை முந்தின அதிகாரம், பிந்தின அதிகாரத்தோடு சேர்த்து வாய்விட்டு மூன்று தடவை வாசி. விளக்கவுரையை அன்று தொடாதே. உனக்குக் கேள்வி எழும்புமுன் அடுத்தவர் பதில் வந்து உட்கார்ந்துகொண்டால், ஞாயிறன்று நீ ஒப்பிக்கத்தான் செய்வாய். மூப்பர் மோப்பம் பிடித்திருப்பது அதைத்தான். மறுநாள் ஒரே தாளில் எழுது: யார், யாருக்கு, என்ன பிரச்சினைக்காக, "ஆகையால்", "ஆனாலும்" எங்கே வருகிறது. புதனன்று நம் பழைய வேதாகமத்தையும் 1995 பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டும் விலகுகிற இடத்துக்கு மட்டும் விளக்கவுரையைத் திற. எல்லா வசனத்துக்கும் திறந்தால் வாரம் போதாது.

ஒரு சொல் வருகிற வசனங்களையெல்லாம் காட்டுகிற ஒத்தவாக்கியப் புத்தகத்தில் ஜாக்கிரதை. "தண்ணீர்" என்று தேடி இருபது வசனத்தைக் கோத்தால் கேட்க ஜோராக இருக்கும், ஆனால் எடுத்த பாடம் காணாமல் போயிருக்கும். மூன்று இணைவசனத்துக்கு மேல் வேண்டாம். வெள்ளிக்குள் பிரசங்கம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் எழுத வரவேண்டும். வராவிட்டால் புது விளக்கவுரையைத் தேடாதே, மறுபடியும் பாடத்தையே வாசி. சனிக்கிழமை அரைத் தாள் குறிப்போடு கடிகாரம் வைத்து நின்று பேசிப் பார். 25 நிமிடம் தாண்டினால் வெட்டு. முதலில் வெட்டவேண்டியது உனக்கு ரொம்பப் பிடித்த தகவலைத்தான். பெரும்பாலும் அது சபைக்காக அல்ல, நீ படித்தவன் என்று காட்டத்தான் உள்ளே வந்திருக்கும்.

இந்த வசனங்களை வைத்து மூப்பருக்குப் பீடத்திலிருந்து பதில் சொல்லிவிடாதே. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போ. எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் காட்டு, என்ன விளங்குகிறது என்று கேள், பிறகு அவரையே ஜெபிக்கச் சொல். விளங்கவில்லை என்று அவர் சொன்னால், ராத்திரியே திருத்து.

முதல் ஞாயிறு பாடம் எது என்று எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

கர்த்தருக்குள்,
உன் ஜெபராஜ்