செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கெளுத்திகளோடு ஓர் ஆண்டு

நம் தொட்டிமீன் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. அக்டோபர் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டைக் கெளுத்தி வகைகளுக்கே ஒதுக்குவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். "சக்கர் ரொம்பப் பெரிசாயிடுச்சு, என்ன பண்றது?" என்ற கேள்வி கூட்டத்துக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்ததுதான் காரணம். சக்கரும் ஒரு கெளுத்தி வகைதான். அதனால் இந்த அறிக்கையிலும் அதுவே பெரும்பகுதி.

நம் கொளத்தூர்க் கடைகளில் 'சக்கர்' என்றும் 'டேங்க் கிளீனர்' என்றும் விற்கும் இரண்டு அங்குலக் குட்டி பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் இனம். பாசி தின்னும் என்று இரண்டடித் தொட்டிக்கு வாங்கிப் போகிறோம். அது ஒன்றரை அடி வரை வளரும் மீன். தேவைப்படுவது பாசி தின்னும் சிறிய மீன்தான் என்றால் பிரிசில்நோஸ் இருக்கிறது. ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். குட்டியில் இரண்டும் பழுப்பாக, புள்ளியோடு, ஒன்றுபோலவே இருக்கும். பிரிசில்நோஸ் ஆணுக்கு முகத்தில் முளைக்கும் கொம்பு போன்ற இழைகளும் அந்த வயதில் தெரியாது.

ஜூன் கூட்டத்தில் இரண்டையும் பிரித்தறியத்தான் பயிற்சி வைத்தோம். ஒடுங்கிய கண்ணாடிப் பெட்டியில் குட்டியை விட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்தோம். முதுகுத் துடுப்பு விரிந்ததும் முன்னால் உள்ள கெட்டி முள்ளை விட்டுவிட்டு, மெல்லிய கதிர்களை எண்ண வேண்டும். பிரிசில்நோஸில் ஏழு வரும். டெரிகோப்ளிக்திஸில் பெரும்பாலும் பத்தோ அதற்கு மேலோ வரும். மீன் துடுப்பை மடக்கி மடக்கி நம்மைக் காக்க வைத்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்தான் முதலில் "பன்னிரண்டு" என்றாள். செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம், சரியாகவே எண்ணியிருந்தாள். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் இனி நிறத்தை மட்டும் பார்த்துச் சக்கர் வாங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கடைச் சீட்டில் காணும் 'எல்' எண்களைப் பற்றியும் அன்று பேசினோம். அறிவியல் பெயர் சூட்டப்படாமலே விற்பனைக்கு வந்த சக்கர் வகைகளை அடையாளம் காண, 1988-இல் ஒரு ஜெர்மன் மீன் இதழ் தொடங்கிய வரிசை அது. வரிக்குதிரை போலிருக்கும் எல் 46 பிரேசிலின் ஷிங்கு ஆற்று மீன்.

அடுத்தது கோரி, தொட்டியின் அடியில் மேயும் சிறிய மீசைக் கெளுத்தி. இதில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஆறு வெண்கலக் கோரிகளைக் கூர்மையான கிராவல் (சரளைக் கல்) போட்ட தொட்டியில் விட்டிருந்தேன். கற்களுக்கு அடியில் தீனியும் கழிவும் தங்கி அழுகியது எனக்குத் தெரியவில்லை. நான்கு மாதத்தில் மீசைகள் தேய்ந்து, மூன்று மீன்களுக்கு வெறும் முனைதான் மிஞ்சியது. கோரிக்கு மீசைதான் கை. மண்ணைத் துழாவித் தீனி தேடுவது அதனால்தான். கிராவலை எடுத்துவிட்டு, கழுவிய மெல்லிய ஆற்று மணலை ஓர் அங்குலம் பரப்பினேன், வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினேன். நான்கு பிழைத்தன. மீசை மெல்ல வளர்ந்தது. ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று எம்-சாண்ட் போடாதீர்கள். அது உடைத்த கல், விளிம்பு கூர்மை. அப்புறம், கோரியை வலையில் பிடித்தால் துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும். சிறு டப்பாவால் மொள்ளுங்கள்.

அக்டோபர் மழையில் கரண்ட் போன இரவு பல வீடுகளில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. கோரிகள் மட்டும் சட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பின. குடலாலும் மூச்சு விடக்கூடியவை அவை. ஆனாலும் அதை நம்பி இருக்காமல், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

நவம்பரில் ஓர் உறுப்பினர் வீட்டில் மிளகுக் கோரி முட்டையிட்டது. டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்து, 1842-இல் ஜெனின்ஸ் என்ற இயற்கையியலாளர் பெயர் சூட்டிய மீன் இது. குளிர்ந்த மழைநாளில், கொஞ்சம் குளிர்ச்சியான தண்ணீர் மாற்றிய மறுநாள் காலையில் பெண் மீன் வயிற்றுத் துடுப்புகளைக் கூப்பிய கைபோல வைத்து முட்டையை ஏந்திக்கொண்டு போய், கண்ணாடியில் இடம் தேடி ஒட்டியதாம். அவர் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

2024-இல் கோரி மீன்கள் அடங்கிய துணைக்குடும்பத்தை ஆய்வாளர்கள் ஏழு பேரினங்களாகப் பகுத்துவிட்டார்கள். வெண்கலக் கோரி இப்போது ஆஸ்டியோகாஸ்டர். பாண்டா கோரியும் ஸ்டெர்பை கோரியும் ஹோப்லிசோமா. நம் பதிவேட்டில் பழைய பெயரையும் சேர்த்தே எழுதுகிறோம். கண்ணாடிக் கெளுத்தியின் பெயரும் 2013-இல்தான் திருத்தப்பட்டது, கிரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ் என்று.

ஒரு வேண்டுகோள். வளர்ந்த சக்கரை ஏரியில் விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகியிருக்கிறது. கரையில் ஆழமாக வளை தோண்டி முட்டையிடும். அதன் முள் வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்கள் சொல்வதை நேரில் கேட்டேன். வளர்க்க முடியாதவர்கள் சங்கத்திடம் ஒப்படைக்க, பெரிய சிமென்ட் தொட்டி ஒன்று கட்ட வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இடம் தர ஓர் உறுப்பினர் முன்வந்திருக்கிறார். அவருக்கும், கூட்டத்துக்கு மீன்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து திருப்பி எடுத்துப்போன அனைவருக்கும் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்று, தொட்டி கட்டுவதற்கும் ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்