நிவாரணக் குழுப் பெரியவர்களுக்கு: அந்தக் குளத்தை வெட்டிக் கொடுங்கள்

கர்த்தருக்குள் அன்பான ஐயாமார்களுக்கு,

ஸ்தோத்திரம். மே 2 ஆம் தேதி நன்றி ஆராதனைக்கு நீங்கள் அனுப்பிய அழைப்பிதழும், இரண்டு வருட அறிக்கைப் புத்தகமும் வந்து சேர்ந்தன. வழவழப்பான தாளில் அழகாக அச்சடித்திருக்கிறீர்கள். பதினோராம் பக்கத்தில் எங்கள் ஊரின் பெயர் இருக்கிறது. அதற்கு நேராக "குடிநீர்: பணி நிறைவு" என்று போட்டிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். நேரில் சொல்லலாம் என்று பஸ் பிடித்து, டல்லா துறையில் பெரிப் படகு ஏறி, மூன்று தடவை ரங்கூன் ஆபீசுக்கு வந்தேன். மூன்று தடவையும் தேநீர் கொடுத்தார்கள், பெயரை எழுதிக்கொண்டார்கள். அதனால்தான் இப்போது நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

குன்ஜங்கோன் ரோடும் எங்கள் ஊரும் நீங்கள் பார்த்ததுதான். 2008 மே 2 நர்கிஸ் புயல் இரவைப் பற்றியும் நான் சொல்ல ஒன்றுமில்லை, அறிக்கையில் மூன்று பக்கம் இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஆலயத்தின் கூரை பறந்த பிறகு சபையார் அத்தனை பேரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தது புத்த மடத்தில். மேட்டில் நின்ற கட்டடம் அது ஒன்றுதான். மடத்துப் பிக்கு, பொங்ஜி, யாரையும் எந்த மதம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் காற்றில் காதில் விழுந்திருக்காது.

நன்றி மறந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டு உதவிக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த அந்த மே மாதத்தில், எங்கள் ஊருக்கு முதல் அரிசி வந்தது சபைக்காரர்களின் படகில். மூட்டை இறக்கியவர்களில் நானும் ஒருவன். படகில் வந்த தம்பிமார்கள் அன்று தங்களுக்கென்று ஒரு பிடிகூட வைத்துக்கொள்ளவில்லை. அதை இந்த ஊர் மறக்காது. அதனால்தான் பதினோராம் பக்கம் இவ்வளவு உறுத்துகிறது.

அடிபம்பைப் பற்றிப் பேசுவோம். போன வருடம் ஆலய வளாகத்துக்குள் நீங்கள் போட்டுக் கொடுத்தது. நூறு அடிகூட இறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மேல் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பல நூறு அடி போக வேண்டும், அங்கேயும் கிடைத்தால் உண்டு. இதை இஞ்சினியர் படித்துவந்து சொல்ல வேண்டியதில்லை, மாடு மேய்க்கிற கிழவர் சொல்வார். சொன்னார். போர்வெல் போட வந்த காண்டிராக்டர் சிரித்தார்.

அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. காலையில் ஏற்றின உலை மத்தியானம் வரை கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். டீ போட்டால் பால் திரியும். சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி கயிறாகிவிடும். திறப்பு விழா அன்று உங்களுக்குக் கொடுத்த டீ நன்றாக இருந்ததே என்று நினைக்கலாம். அது என் மனைவி டவுனிலிருந்து விலைக்கு வாங்கிவந்த தண்ணீரில் போட்டது. விருந்தாளிக்கு உப்பு டீ கொடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

அறிக்கையின் அட்டையில் பம்புக்கு முன்னால் கையேந்தித் தண்ணீர் குடிக்கிற சிறுமி இருக்கிறாளே, முகத்தில் தனக்கா மரச் சாந்து பூசி, சிரித்த முகமாக, அவள் என் அண்ணன் மகள். உங்கள் படக்காரர் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று நாலு தடவை குடிக்கச் சொன்னார். நாலாவது தடவை படம் நன்றாக வந்தது. அப்புறம் பம்புக்குப் பின்னால் போய்த் துப்பினாள். அன்று இரவு வயிற்றுப்போக்கு. பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதில் நான் துப்புகிற படம் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இப்போது அந்தப் பம்பில் ஆடு கட்டுகிறார்கள். பலகை மட்டும் புதுசு மாதிரியே இருக்கிறது. நன்கொடையாளர் பெயர் ஆங்கிலத்திலும் பர்மியத்திலும் பளிச்சென்று தெரிகிறது. பெயின்ட் நல்ல பெயின்ட்.

நாங்கள் முதல் நாளிலிருந்து கேட்டது குளத்தை. மடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய குளம். எங்கள் பாட்டன்மார் இந்த மண்ணுக்கு வந்த காலத்திலிருந்து ஊர் முழுக்கக் குடித்தது அந்த மழைத் தண்ணீர்தான். அதில் யாரும் காலை நனைக்க மாட்டார்கள், துணி துவைக்க மாட்டார்கள், பலகையில் நின்று குடத்தை இறக்கி மொண்டுகொண்டு வருவார்கள். மழைக்காலத்தில் நிறைந்தால் அடுத்த மழைவரை வரும். புயலன்று கடல் அதற்குள் வந்தது. செத்த எருமைகளை நாங்களே கயிறு போட்டு இழுத்துக் கரையேற்றினோம். உப்புத் தண்ணீரை இறைத்தோம். அடுத்தடுத்து இரண்டு மழைக்காலம் கழுவியதில் தண்ணீர் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் சேறு பாதிக் குளத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஆற்றுப் பக்கத்து மூலையில் கரை உடைந்தது உடைந்தபடி இருக்கிறது. கோடையில் ஆற்றில் உப்பு ஏறும் நேரம் பார்த்து, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பெரிய கடலேற்றம் வந்து அந்த மூலை வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது. நாங்கள் மூங்கில் தட்டி அடித்து மண் போடுகிறோம், அது அடுத்த ஏற்றத்தில் போகிறது. மார்ச் மாதத்தோடு குளம் முடிந்தது. அதன் பிறகு சம்பான் படகில் டின் டின்னாகத் தண்ணீர் வருகிறது. நாற்று நடுகிற பெண்பிள்ளைக்குக் கோடையில் வேலையே அரிது. கிடைக்கிற கூலியில் பாதி தண்ணீர்க்காரன் கைக்குப் போகிறது.

சேற்றை வெட்ட வேண்டும், கரையை உயர்த்தி அந்த மூலையைக் கெட்டியாக அடைக்க வேண்டும், சுற்றி வேலி போட வேண்டும். கூலி வேண்டாம். வீட்டுக்கு ஒரு ஆள் வருவதாகக் கூட்டம் போட்டுப் பேசியாயிற்று. எங்களுக்கு வேண்டியது மிஷின் வாடகை, டீசல், கரைக்கு மரம். பம்புக்கும் பலகைக்கும் விழாப் பந்தலுக்கும் ஆன செலவைவிட இது அதிகமாகாது என்றுதான் நினைக்கிறேன். கணக்கு உங்களிடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நான் ஆபீசில் சொன்னபோது ஒரு சகோதரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் குளத்தில் சபை வீடு எத்தனை குடிக்கும்?" சபை வீடு பன்னிரண்டு. மிச்சமெல்லாம் பர்மியர், கரேன்காரர், பீலிக்கான் இந்துக் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிற நம் தமிழர்கள். "இடம் மடத்தோடு சேர்ந்ததா?" என்றும் கேட்டார். மடத்துக்குப் பக்கம் என்றேன். அப்புறம்தான் தேநீர் வந்தது. ஐயா, குளத்துக்கு ஞானஸ்நானம் கிடையாது. நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் ஆலய வளாகத்துக்குள் மட்டும் தாகமெடுக்கிற ஜாதியும் இல்லை. மாராவில் கசந்த தண்ணீருக்கு மோசே ஒரு மரத்தைப் போட்டார். இங்கே போடுவதற்கு மரத்தையும் புயல் விட்டுவைக்கவில்லை.

அரசாங்கத்தைக் கேட்க வேண்டியதை எங்களிடம் கேட்கிறாயே என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் புயல் அடித்த எட்டாம் நாள் நாடு முழுக்க அரசியல் சட்ட வாக்கெடுப்பு நடத்தியவர்கள் அவர்கள். நம் பக்கத்துக்கு மட்டும் பெரிய மனது பண்ணி மே 24 க்குத் தள்ளி வைத்தார்கள். பிணங்களை ஒதுக்கி முடிக்கப் பதினான்கு நாள் அவகாசம். ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் நேரில் வந்து பேசிய பிறகுதான் உதவிக்காரர்களுக்குக் கதவைத் திறப்பதாகச் சொன்னார்கள். செத்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 1,38,000 பேர் என்கிறது கணக்கு. இதற்கு மேல் இந்தப் பக்கம் எழுதினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடுங்கள்.

போன வாரம் திங்யான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. ரங்கூனில் மேடைக்கு மேடை குழாய் வைத்து ரோட்டில் போகிறவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள் என்று டவுனில் டீக்கடை டிவியில் பார்த்தேன். எங்கள் தெருப் பிள்ளைகள் காலி டின்னைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவி, வழக்கத்தை விடக் கூடாதென்று ஒரு டம்ளரில் விரலை நனைத்து என் தோளில் தெளித்துவிட்டு, மிச்சத்தைக் குடித்துவிட்டாள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வயதில் பெரியவர்கள், ஊழியக்காரர்கள். தாழ்மையாகவே கேட்கிறேன்: பதினோராம் பக்கத்து வரியை அடித்துவிடுங்கள், குளத்தை வெட்டிக் கொடுங்கள். மே நடுவில் மழை பிடித்துவிட்டால் மண்வெட்டி இறங்காது, இன்னொரு வருடம் போய்விடும். உங்களுக்குப் பலகை வேண்டுமானால் குளத்துக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். பொங்ஜியிடம் கேட்டுவிட்டேன், அவருக்கும் ஆட்சேபணை இல்லை. வேண்டுமானால் சிலுவைப் படமும் போட்டுக்கொள்ளட்டும், ஆடு மட்டும் கட்ட வேண்டாம் என்றார்.

இஞ்சினியரை அனுப்புவதாக இருந்தால் வருகிற கசோன் பௌர்ணமி அன்று அனுப்புங்கள். பர்மியர்கள் அரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள், மடத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும். ஏற்றம் வருகிற நேரத்துக்கு அவர் அந்த மூலையில் நின்றாலே போதும், நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது. பஸ் நிற்கும் இடத்தில் நானே காத்திருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் மட்டும் அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முதல் படகில் மூட்டை இறக்கியவன்
ஏப்ரல் 2010