புல்வெட்டி வண்டியும் உன் அக்கா மகனும்

கோத்தகிரி
ஞாயிறு மதியம்

மாப்ளே,

போன தீபாவளிக்கு நீ போட்ட கடுதாசிக்கு இன்னும் பதில் வரலைன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பே. சொல்லிக்கோ. போன்ல கூப்பிட்டா உன் பட்டறைச் சத்தத்துல நான் பேசறதுல பாதி உனக்குக் கேக்காது, மீதி நேரம் நீயே பேசிடுவே. இது எழுதியே ஆக வேண்டிய சமாச்சாரம். வீட்டுல எல்லாரும் சௌக்கியம். கமலாவுக்கு மூட்டுவலி குளிருக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். நாம டைப்ரைட்டர்னு கூப்பிடற நம்ம சிநேகிதன் ரிட்டயர்டு ஆகி குன்னூர்லயே தங்கிட்டான். இன்னும் அதே பச்சை ஸ்வெட்டர்.

விஷயம் உன் அக்கா மகன் பிரபுவைப் பத்தி. பதறாதே, பையன் நல்லாத்தான் இருக்கான். நீ அனுப்பி வெச்ச பையன்ங்கறதால சொல்லலை, நிஜமாவே வேலைக்காரன். அதுதான் பிரச்சினையும். முதல்ல புல்வெட்டி வண்டி வந்த கதையைச் சொல்லிடறேன்.

மே மாசம் டாக்டரம்மா பையன் டெக்சாஸ்லேர்ந்து லீவுக்கு வந்தார். மேல் புல்வெளியில நம்ம ஆளுங்க ரெண்டு பேர் தள்ளற மெஷினை வெச்சு மூச்சு வாங்கிக்கிட்டிருந்தாங்க. கிக்குயூ புல்லு எப்படின்னு உனக்கே தெரியும். ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தது, இந்த மலையையே தன் பேருக்குப் பட்டா போட்டுக்கிச்சு. கோடை மழை ரெண்டு பெஞ்சா போதும், இந்த மூலையை வெட்டி முடிக்கறதுக்குள்ள அந்த மூலை முழங்காலுக்கு வந்துடும். சின்னவர் பார்த்துட்டு, "என்ன அங்கிள், அங்க என் வீட்டு அரை ஏக்கருக்கே நான் ஜீரோ டர்ன் புல்வெட்டி வண்டி வெச்சிருக்கேன். ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் மாதிரி ஆக்கிடலாம்"ன்னார். மெக்கைவர் துரை 1848ல அந்தத் தோட்டத்தை ஆரம்பிச்சப்ப பெட்ரோலா இருந்துச்சுன்னு வாய் வரைக்கும் வந்தது. சம்பளம் குடுக்கறவங்க பிள்ளை, முழுங்கிட்டேன்.

ஆனா ஒண்ணு, வண்டியைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்துடுச்சு. உனக்கு நிச்சயம் வரும். ஸ்டீயரிங் கிடையாது. பின்சக்கரம் ரெண்டுக்கும் தனித்தனியா ஹைட்ராலிக் பம்ப், மோட்டார். மடிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு லிவர். ரெண்டையும் முன்னாடி தள்ளினா நேரா போகும், ஒண்ணைக் கொஞ்சம் அதிகமாத் தள்ளினா எதிர்ப்பக்கம் திரும்பும், ஒண்ணை முன்னாடியும் இன்னொண்ணைப் பின்னாடியும் போட்டா நின்ன இடத்துலயே சுத்தும். முன்சக்கரம் ரெண்டும் ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரி, சும்மா கூட வரும், அவ்வளவுதான். இந்தக் கடைசி வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, பின்னாடி தேவைப்படும்.

புல் வெட்டற மெஷினை முதல்ல கண்டுபிடிச்சதே துணி மில்லைப் பார்த்துத்தானாம், தெரியுமா? எட்வின் பட்டிங்னு ஒரு இங்கிலீஷ்காரர். கம்பளித் துணி மேல துருத்திக்கிட்டு நிக்கற பிசிறைச் சீவற உருளையைப் பார்த்துட்டு, புல்லையும் இப்படிச் சீவலாமேன்னு 1830ல பேட்டன்ட் வாங்கியிருக்கார். உங்க கோயம்புத்தூர் மில்காரங்க காதுல போட்டு வை, காலரைத் தூக்கி விட்டுக்குவாங்க.

வாங்கற விஷயத்துல விற்க வந்த பையன்கிட்ட நான் பட்டது தனிக் கதை. டெக்குன்னா பிளேடு சுத்தற அடித்தட்டு, அது 60 இஞ்ச்தான் எடுக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். அகலமா இருந்தா சீக்கிரம் முடியும், வாஸ்தவம்தான். ஆனா நம்ம நிலம் பில்லியர்ட்ஸ் மேஜையா? அங்கங்கே மேடு. அகலமான டெக் மேட்டு மேல ஏறினா ரெண்டு ஓரமும் அந்தரத்துல நிக்கும், நடுவுல இருக்கற புல்லை வேரோட வழிச்சு எடுத்துடும். அப்புறம் அங்க செம்மண் வட்டம்தான். அதோட, ஷெட் கதவுக்குள்ள நுழையணுமே. 48 இஞ்ச் போதும்னுட்டேன். தகட்டை அழுத்தி வளைச்ச டெக் வேண்டாம், கனத்த தகட்டை வெட்டி வெல்டு பண்ணினதுதான் வேணும்னேன். கிக்குயூவுக்குள்ள கல்லும் வேரும் ஒளிஞ்சிருக்கும்.

அடுத்தது இன்ஜின். 23 எச்பின்னு பெருமையா சொன்னான். தம்பி, அது உங்க சமவெளிக் கணக்கு, இங்க எவ்வளவு வரும்னு கேட்டேன். முழிச்சான். ஆயிரம் அடி ஏற ஏற இன்ஜின் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும்னு பாலிடெக்னிக்ல நமக்குச் சொல்லிக் குடுத்தது நீ தூங்கினதால உனக்கு ஞாபகம் இருக்காது. ஏறக்குறைய 6,000 அடியில 23ங்கறது 19 பக்கம் வந்து நிக்கும். கார்புரேட்டர் வண்டின்னா காத்து மெலிசு, பெட்ரோல் அதே அளவு, கரும்புகைதான். பெட்ரோல் அளவைக் குறைக்க ஜெட் மாத்தணும். அதனால ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ளதா கேட்டு வாங்கினோம். கூடவே தலைக்குப் பின்னாடி நிக்கற அந்த இரும்பு வளைவு, வண்டி கவிழ்ந்தா ஆளைக் காப்பாத்தறது, அதுவும் பெல்ட்டும் இல்லாம வண்டியே வேண்டாம்னேன். "தோட்டத்துல ஓட்டறதுக்கு எதுக்கு சார்?"ன்னான். அவனைக் கூட்டிட்டுப் போய் கீழ்ப் புல்வெளியைக் காட்டினேன். வாயை மூடிக்கிட்டான்.

மேல் வெளி ரெண்டு ஏக்கர் சொச்சம். அதுல வண்டி ஓடறதைப் பார்க்கணுமே! மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்துல போனா, வெட்டின பட்டையோட ஓரத்து மேல கொஞ்சம் ஏத்தி ஓட்டினாலும், ஒரு மணி நேரத்துல ரெண்டு ஏக்கருக்குக் கிட்ட முடிஞ்சிடுது. பிரபு முதல் வாரம் தடுமாறினான். டிராக்டர் ஓட்டின கை, லிவரைப் பிடிச்சு இழுத்தான், வண்டி உதறிச்சு. ரெண்டாவது வாரம் கோடு போட்ட மாதிரி. ஒரு பட்டை வெளிர்பச்சை, ஒரு பட்டை கரும்பச்சை, புல்லு சாய்ஞ்ச திசைக்கு ஏத்தபடி. டாக்டரம்மா போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. அவனுக்கே தெரிஞ்சு போச்சு, தான் கெட்டிக்காரன்னு. அங்கதான் பிடிச்சுது சனி.

முதல்ல சின்னச் சின்னது. ஓரத்துல போய் ஒரு சக்கரத்தை நிறுத்தி சர்ருன்னு சுத்துவான். நின்ன சக்கரம் புல்லைத் திருகிப் பிச்சு எறிஞ்சுடுது. கொஞ்சம் பின்னாடி வாங்கி, ரெண்டு சக்கரமும் உருள்ற மாதிரி மூணு தடவையாத் திருப்புடான்னா, "அப்புறம் ஜீரோ டர்ன்னு எதுக்கு மாமா பேரு?"ங்கறான். உன் வாய் அப்படியே. கேமிலியாக் கிளை இடிக்குதுன்னு அந்த இரும்பு வளைவை மடக்கிப் போட்டுட்டு ஓட்டறான். கிளையை வெட்டிக் குடுத்தேன். அப்பவும் மடக்கித்தான் இருக்கு.

அப்புறம் ஒருநாள் காலையில, பனி இன்னும் காயலை, மேல் வெளி முடிச்ச சூட்டுல கீழ் வெளிக்கு வண்டியை இறக்கிட்டான். நான் வராந்தாவுல காபியோட நிக்கறேன். பாதிச் சரிவுல வண்டி வெட்டறதை விட்டுட்டு வழுக்க ஆரம்பிச்சுது. அவன் லிவரைப் பின்னாடி இழுக்கறான், பின்சக்கரம் ரெண்டும் நின்னுடுச்சு, வண்டி நிக்கலை. பக்கவாட்டுல திரும்பி அப்படியே போய் தேயிலைச் செடி வரிசையில முட்டி நின்னுது. அந்த வரிசைக்கு அப்புறம் குளம்.

நான் ஞாபகம் வெச்சுக்கோன்னு சொன்னது இதுக்குத்தான். உனக்கு விளக்க வேண்டியதில்லே. திருப்பறதும் நிறுத்தறதும் ரெண்டுமே பின்சக்கரம்தான். இறக்கத்துல கனம் முன்பக்கம் போயிடும், பின்சக்கரம் லேசாயிடும். ஈரப் புல்லுல பிடி விட்டா பிரேக்கும் போச்சு, ஸ்டீயரிங்கும் போச்சு. பார்க்கிங் பிரேக் நின்ன வண்டிக்குத்தான். கார்ல சறுக்கினா முன்சக்கரத்தையாவது திருப்பிப் பார்க்கலாம், இதுல அது தன் இஷ்டத்துக்குச் சுத்தும். பெரும்பாலான கம்பெனி புஸ்தகத்துல 15 டிகிரிக்கு மேல ஏத்தாதேன்னு போட்டிருக்கும், சிலது 10ங்கும். அதுவும் காய்ஞ்ச புல்லுக்கு.

அன்னிக்கு மத்தியானமே கொத்தனார்கிட்ட ரசமட்டம் வாங்கி வந்து அளந்தேன். ஒரு மீட்டர் மட்டப்பலகையை ஒரு முனை தரையில வெச்சு, குமிழி நடுவுக்கு வர்ற வரைக்கும் இன்னொரு முனையைத் தூக்கி, அடியில டேப்பை நிறுத்திப் பார்த்தா 27 சென்டிமீட்டர் வந்தா 15 டிகிரி. கீழ் வெளியில குளத்துப் பக்கம் 31, 34ன்னு வருது. அதுல காட்டுமாடு மிதிச்ச குழி வேற. சுண்ணாம்புல கோடு போட்டு, இதுக்குக் கீழ வண்டி வரக்கூடாதுன்னு சொல்லியாச்சு. மழை வந்தா கோடு போயிடும், கல்லு நடணும்.

சரி, பயல் பயந்திருப்பான்னு நினைச்சேன். போன வாரம் சர்வீஸுக்கு சீட்டைத் தூக்கறேன். சீட்டுக்கு அடியில ஸ்விட்ச் இருக்கும், ஆள் எழுந்தா பிளேடும் இன்ஜினும் நின்னுடறதுக்கு. அந்த ஒயரைக் கழட்டி, கனெக்டரோட ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல விரல் நீளத்துக்கு ஒரு செப்புக் கம்பி. நறுவிசா வளைச்சு, மேல இன்சுலேஷன் டேப் சுத்தி. வேலை சுத்தம், உன்கிட்டக் கத்துக்கிட்ட கையாச்சே! கேட்டா, "காட்டுமாட்டுச் சாணியை ஒதுக்க இறங்கும்போதெல்லாம் வண்டி நின்னுடுது மாமா. மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணணும்"ங்கறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான். அதாவது, கீழ பிளேடு சுத்திக்கிட்டிருக்க, இவன் இறங்கி முன்னாடி போய்க் குனிஞ்சு சாணி அள்ளறான்.

மாப்ளே, உன் இடது கை சுண்டுவிரலைப் பத்தி அவனுக்குச் சொல்லியிருக்கியா? நிஜத்தைக் கேக்கறேன். ஊர்ல நீ சொல்ற கார் கதவுக் கதையை இல்லே. பாதுகாப்பு மூடி, அதான் அந்த கார்டு, போட்டா ஜாப் லேட்டாகுதுன்னு நீ லேத்துல கார்டைக் கழட்டி வெச்ச கதை. கைக்குட்டையில சுத்தி ஆட்டோவுல உன்னை நான்தானே கூட்டிட்டுப் போனேன். அக்காவுக்குக்கூடத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் சொன்னா அது உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீ சொல்லணும். என் பேச்சு அவனுக்கு மேனேஜர் பேச்சு. உன் பேச்சு அப்படி இல்லே.

கம்பியை எடுத்துட்டேன், ஒயரை மாட்டிட்டேன். ஆனா கம்பிக்கா பஞ்சம்?

கீழ் வெளிக்கு என்ன பண்றதுங்கறதையும் சொல்லிடறேன், ஏன்னா அதுக்கும் சண்டை நடக்குது. படுகர் ஊர் ஹட்டியிலேர்ந்து மாதியக்கா வருமே, ரெண்டு மாட்டுக்கும் அருவாளால புல்லறுத்துக் கட்டிட்டுப் போகும். வண்டி வந்ததுலேர்ந்து மேல் வெளிப் புல்லு அதுக்கு இல்லே. வண்டி தூளாக்கிப் போடற புல்லைக் குவிச்சு வெச்சா கொஞ்ச நேரத்துல கைவெக்க முடியாதபடி சூடேறிப் புளிச்சுப் போகுது, அதை மாட்டுக்குப் போடவும் கூடாது. அதனால கீழ் வெளியை மாதியக்காவுக்கே விட்டுடலாம்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். ஓரத்துக்கு தோள்ல மாட்டற பிரஷ் கட்டர் மெஷின் போதும். சரிவும் வெட்டுப்படும், மாடும் சாப்பிடும், உன் மருமகனும் குளத்துல விழமாட்டான். டாக்டரம்மா சரின்னாங்க. சின்னவர் ராத்திரி ஒரு வீடியோ அனுப்பறார், செங்குத்தா மலையில ஒரு மெஷின் புல் வெட்டுது. பார்த்தா அது ரிமோட்ல ஓடற செயின் வண்டி, மேல ஆளே இல்லே! "தம்பி, இது வேற ஜாதி"ன்னு எழுதினேன். ரெண்டு நீல டிக் வந்தது, பதில் வரலை. விடமாட்டார், பாரு.

எனக்கு உன்னால இன்னொரு காரியமும் ஆகணும். டெக் பெல்ட் ஒண்ணு சீக்கிரம் தேவைப்படும். வித்தவங்ககிட்டக் கேட்டா கப்பல்ல வரணும்ங்கறாங்க. சாதா வி-பெல்ட் மாட்டினா போதும்னு நீ சொல்லுவே. மாட்டாதே, உள்ளே கெவ்லர் நூல் போட்டதுதான் தாங்கும், மத்தது கருகிடும். பழசோட நீளம், அகலம், அதுல அச்சடிச்சிருக்கற நம்பர் எல்லாம் தனித் தாள்ல இருக்கு. கணபதியிலயோ காந்திபுரத்துலயோ விசாரி. பிளேடைத் தீட்டறது நானே பண்ணிக்கறேன். ஆனா பேலன்ஸ் பார்க்க உன்னை மாதிரி ஆள் இங்க இல்லே, ஒரு செட்டு கழட்டி அனுப்பறேன்.

நேர்ல வந்தேன்னா ரொம்ப நல்லது. கோயம்புத்தூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், முன்னாடியே எடுத்துக்கோ. மேட்டுப்பாளையத்துலேர்ந்து நேரா கோத்தகிரி ரோட்டைப் பிடி, குன்னூர் சுத்தாதே. டைப்ரைட்டர்கிட்டச் சொல்ல வேண்டாம், சொன்னா அவனும் வந்து உட்கார்ந்துடுவான், அப்புறம் நாம எதையும் பேச முடியாது.

வர முடியலேன்னா இந்த வாரமே பிரபுவுக்குப் போன் பண்ணு. சாயங்காலம் ஆறுக்கு மேல எடுப்பான். நான் எழுதினேன்னு சொல்லாதே.

உன்
ராமு