நிழல் தெற்கேயும் விழும்

ஆசிரியருக்கு,

சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிமிர்ந்த பொருளுக்கு நிழல் விழாத 'நிழலில்லா நாள்' பற்றிய செய்திகளில் 'பகல் 12 மணிக்கு நிழல் மறையும்' என்றே பெரும்பாலும் வருகிறது. மதுரையில் அதை நம்பி 1 மீட்டர் குச்சி நட்டால், 12 மணிக்கு 7-8 செ.மீ. நிழல் மேற்கே கிடக்கும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை இருப்பது 78.1 டிகிரியில். ஒரு டிகிரி மேற்கே போனால் உச்சிவேளை 4 நிமிடம் தள்ளிப்போகும். ஆக, ஏப்ரல் 16ஐ ஒட்டி 12.17க்கும், ஆகஸ்ட் 27ஐ ஒட்டி 12.19க்கும் பார்க்க வேண்டும்.

தூக்குக்குண்டு பிடித்துக் குச்சியை நிறுத்துங்கள், தரைக்கு ரசமட்டம் வையுங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலே 1.7 செ.மீ. பொய் நிழல், ஏறக்குறைய மூன்று நாள் பிழைக்குச் சமம். கோபுரத்தை வைத்துப் பார்ப்பது வீண். மேலே குறுகிப் போவதால் வேறு பல நாட்களிலும் உச்சிவேளை நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும்.

அந்த ஒரு நிமிட வேடிக்கையைவிடப் பெரிய சங்கதி, இரண்டு தேதிக்கும் இடையே நாலு மாதத்துக்கு மேல் நம் உச்சிவேளை நிழல் தெற்கே விழுவது. ஜூன் 21 அன்று அதே குச்சிக்குத் தெற்கே 24 செ.மீ.; டிசம்பர் 21 அன்று வடக்கே 66 செ.மீ. கடகரேகைக்கு வடக்கே இருக்கும் தில்லியில் நிழல் என்றைக்கும் வடக்கேதான். இப்படி இரு பக்கமும் நிழல் காணும் வெப்பமண்டல வாசிகளுக்கு 'ஆம்பிஷியன்' என்று ஒரு பெயர் உண்டு. கிரேக்கத்தில் 'ஆம்பி' இருபுறம், 'ஸ்கியா' நிழல். தமிழில் 'இருநிழலர்' என்றால் ஒரே நேரத்தில் இரண்டு நிழல் என்று படும். 'இருபுறநிழலர்' என்பதே சரியாக இருக்கும்.

வீடு கட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வடக்குச் சுவரில் வெயில் விழாது என்று சன்ஷேடை விட்டுவிடுகிறார்கள். 4 அடி உயர ஜன்னலுக்கு ஜூன் மாத உச்சிவேளையில் 1 அடி சன்ஷேடு போதும். மாலை 4 மணிக்கு 2 அடி வேண்டும். ஜன்னல் அகலத்தோடு நிறுத்தினால் மேற்குப் பக்கமாக வெயில் நுழையும். அந்தப் பக்கம் சேர்த்து நீட்ட வேண்டும்.

அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை