தரிசு என்று எழுதாதீர்கள்

ராஜஸ்தான் மாநில வருவாய்த் துறை, வனத்துறை அதிகாரிகளுக்கும், ஓரண் நிலங்களை அளந்து பதிவுசெய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பறவை பார்க்கிற ஆசையில் பல ஆண்டுகளாகக் குளிர்காலம்தோறும் ஜெய்சல்மேர் மாவட்டத்துக்கு வந்து போகிறேன். அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் என்ற பெரிய பறவையைத் தேடி வந்தவனுக்கு அது வாழும் மண்ணும், அந்த மண்ணைக் காத்துவரும் மனிதர்களும் பழக்கமானார்கள். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் ஜமாபந்தி என்னும் நிலப் பதிவேட்டில் ஓரண் இருக்கும் இடத்தில் ஓரண் என்றே எழுதுங்கள். தரிசு என்று எழுதாதீர்கள். இந்த மடலை இந்தியில் பெயர்த்து உங்களுக்கு அனுப்புகிறேன். என் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்பதால் முதலில் தமிழில் எழுதுகிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு ஓரணைப் புரியவைப்பது எளிது. நம் கோயில்காடுதான் அது. ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லி, ஊரார் தலைமுறை தலைமுறையாக வெட்டாமலும் உழாமலும் விட்டுவைத்த நிலம். ஆடு, மாடு, ஒட்டகம் மேயலாம், நீர் குடிக்கலாம், பழம் பறித்துத் தின்னலாம். பச்சை மரத்தில் கோடரி படக்கூடாது. ராஜஸ்தானில் இப்படிச் சுமார் 25,000 ஓரண்கள், ஏறத்தாழ 6 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். நம் காவிரிக்கரைக் காடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவோம். மணல், சரளை, முழங்கால் உயரத்துக்குச் சேவண் புல், இடையிடையே கேஜ்ரி மரம். கேஜ்ரி என்பது வேறெதுவும் இல்லை, நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான். அதன் பக்கத்தில் இலந்தை, கேர்ப் புதர், நம் உகா மரத்தின் உறவான ஜால், காற்றில் ஆடும் வெள்ளைப் பூளை. முதல் முறை அங்கே இறங்கியபோது வெறும் பொட்டலாகத்தான் எனக்கும் தெரிந்தது. இரண்டு நாள் நடந்த பிறகுதான் கண் பழகியது.

அந்த நடையில் ஒருவரை மறக்க முடியாது. தெக்ராய் மாதா ஓரணில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். என்னைப் பேட்டா என்று கூப்பிட்டார், நான் அவரைப் பாபா என்றேன். மாலையில் அவரோடு சேர்ந்து ஓரணை விட்டு வெளியே வந்தேன். எல்லைக்கல்லுக்கு அருகே சட்டென்று நின்றுவிட்டார். தலைப்பாகையைக் கழற்றி மெதுவாகத் தடவினார். வன்னி மரத்தின் காய்ந்த முள்கிளை ஒன்று, விரல் நீளம்கூட இருக்காது, மடிப்பில் சிக்கியிருந்தது. அதை எடுத்து ஓரணுக்குள்ளேயே போட்டுவிட்டு, தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை; என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை. “மாதாவுடையது பேட்டா” என்று மட்டும் சொன்னார். காவலாளி இல்லாமல், வேலி இல்லாமல், ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுபோகாத மனிதர்களால் காக்கப்பட்ட நிலம் அது.

அடுத்த நாள் பக்கத்து ஊர் பட்வாரியை, அதாவது நிலக் கணக்கு வைத்திருக்கும் கிராம அலுவலரை, பார்க்கப் போனேன். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்து, பதிவேட்டையும் திறந்து காட்டினார். நான் முந்தின நாள் நடந்த நிலத்தில் ஒரு பகுதிக்கு எதிரேதான் ஓரண் என்று இருந்தது. மீதி சர்வே எண்களுக்கு எதிரே வேறு சொற்கள். சில இடங்களில் ‘பஞ்சர்’, அதாவது தரிசு. பல இடங்களில் ‘சிவாய் சக்’, அதாவது யாருக்கும் ஒதுக்கப்படாத அரசு நிலம். பாபா சுள்ளியைத் திருப்பிப் போட்ட இடம் அரசின் கணக்கில் காலி இடம்.

எங்கள் ஊரில் இதற்குப் புறம்போக்கு என்று பெயர். வரி விதிப்புக்கு வெளியே உள்ளது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். மேய்க்கால் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு என்று ஊருக்குப் பொதுவான நிலங்களை எல்லாம் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். காலப்போக்கில் அந்தச் சொல் ஒரு வசவாகவே மாறிவிட்டது. சொல் மதிப்பிழந்ததும் நிலமும் மதிப்பிழந்தது. மேய்ச்சல் நிலங்களில் எதை எதையோ கட்டினோம், மிஞ்சிய இடத்தில் சீமைக்கருவேலம் புகுந்தது. கானமயில் தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த பறவை. இன்று ஒன்றுகூட இல்லை. இழந்த ஊரில் இருந்து எழுதுகிறேன் என்பதால் என் குரலில் கொஞ்சம் பதற்றம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடாவண் என்று நீங்கள் அழைக்கும் அந்தப் பறவையை 1981-இல் மாநிலப் பறவையாக அறிவித்தீர்கள். அதற்கு முந்தைய ஆண்டே, ஜெய்சல்மேர், பாட்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டரைப் பாலைவனத் தேசியப் பூங்காவாக அறிவித்திருந்தீர்கள். பெயரில்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி சரணாலயம். உள்ளே பல கிராமங்கள் இருக்கின்றன. வேலியிட்டுக் காக்கப்படும் சுதாசரி போன்ற இடங்களில் சேவண் புல் செழித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வனக்காவலர்கள் கொளுத்தும் வெயிலில் செய்யும் வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஜெய்சல்மேர் மாவட்டத்துச் சம் என்ற ஊர்ப் பகுதியில் 2019-இல் தொடங்கிய கானமயில் இனப்பெருக்க முயற்சி 2024-இல் செயற்கைக் கருவூட்டல் வழியாக ஒரு குஞ்சைத் தந்தபோது, கோவையில் என் வீட்டில் இனிப்பு வாங்கிப் பங்கிட்டோம்.

ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்த பின் எங்கே போகும்? கானமயிலுக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. பொக்ரான் பக்கத்து வெளிகளிலும், ராம்தேவ்ராவிலும், ஓரண்களிலும் அது மேய்கிறது. ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை கனக்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. பறக்கும்போது கீழே தரையைப் பார்த்துக்கொண்டு போகிற பழக்கம் வேறு. கம்பி கண்ணில் படும்போது, அவ்வளவு கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. பெட்டை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். மொத்தமே 150-க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் இனத்தில், ஆண்டுக்குச் சில பறவைகள் கம்பியில் அடிபட்டாலே கணக்கு முடிந்துவிடும். தார்ப் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட பறவைகள் மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

அந்த எண்ணிக்கையில் சேர்ந்த ஒன்றை என் கையால் தூக்கியிருக்கிறேன். விடியற்காலை, உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே ஒரு கழுகு கிடந்தது. உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு இறக்கை தோளோடு முறிந்து, நுனி இறகுகள் மணலில் புதைந்திருந்தன. தலைக்கு மேலே கம்பிகள் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன. பறவைகளை எச்சரிக்கத் தொங்கவிட்ட வில்லைகள் சில கம்பியில் இருந்தன. இரண்டு கீழே விழுந்து கிடந்தன. அது நடந்ததும் ஓரணை ஒட்டித்தான். 2020 செப்டம்பரில் தெக்ராய் ஓரண் பக்கம் ஒரு கானமயிலே இப்படி இறந்து கிடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரிப் புகையை நிறுத்தத்தான் வேண்டும். அதற்கு உங்கள் மாநிலத்து வெயிலைவிட நல்ல மூலதனம் இந்த நாட்டில் வேறு எங்கும் கிடைக்காது. பத்லா சூரிய மின் பூங்காவில் 14,000 ஏக்கரில் நிற்கும் தகடுகளைப் பார்த்து வியந்தவன்தான் நானும். ஆனால் தகடு நிறுவ இடம் தேடுகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்? உங்கள் பதிவேட்டைத்தான். அதில் தரிசு என்று இருந்தால், யாருக்கும் பயன்படாத நிலம் என்றுதானே அவர் நம்புவார்? பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் பேச வேண்டும், விலை கொடுக்க வேண்டும். தெய்வத்தின் நிலத்துக்குப் பதிவேட்டில் ஆள் இல்லை. ஆகவே அது முதலில் போகிறது. ஓரணைக் காக்கச் சொல்லி ஊரார் வெயிலில் பாதயாத்திரை நடந்ததற்குக் காரணம் இந்த ஒற்றைச் சொல்தான்.

உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், கானமயில் வாழும் பகுதிகளில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில், அது எல்லா இடத்துக்கும் நடைமுறையில் இயலாது என்று கருதி அந்த உத்தரவைத் திருத்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. அந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது 2024 டிசம்பர் 18 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு. ஒவ்வொரு ஓரணையும் நேரில் சென்றும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து வரைபடமாக்க வேண்டும், பரப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் காடாகக் கருத வேண்டும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சமூகக் காப்பகமாக அறிவிக்க வேண்டும் என்று அது உங்களுக்குச் சொல்கிறது. இவ்வளவு தெளிவான கட்டளை அடிக்கடி கிடைக்காது.

இங்கேதான் ஊராரின் ஓர் அச்சத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். காடு என்று அறிவித்துவிட்டால் நாளைக்கு வனத்துறை வேலி போட்டுவிடும், ஒட்டகத்தை உள்ளே விடாது, கோயிலுக்குப் போகவே அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று பயப்படுகிறார்கள். பாபாவும் அதைத்தான் சொன்னார். “முதலில் நிலத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தோம். இப்போது எங்களையே வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறோம்.” இதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 2012-இல் நாட்டில் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் 2.5 லட்சமாகிவிட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒட்டகத்தையும் அதை வளர்ப்பவரையும் வெளியேற்றிவிட்டுக் காக்கப்படும் ஓரண் பெயரளவில்தான் ஓரணாக இருக்கும். அந்தச் சுள்ளியைத் திருப்பிப் போட அங்கே யார் இருப்பார்கள்?

சமூகக் காப்பகம் என்ற ஏற்பாட்டில் ஊராரும் சேர்ந்த குழு நிர்வாகம் செய்ய இடமிருக்கிறது. அந்தக் குழுவில் கோயில் பூசாரிக்கும் மேய்ப்பவர்களுக்கும் பெயரளவு இடம் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். மேய்ச்சல் உரிமை, நீர் உரிமை, வழிபாட்டு உரிமை மூன்றையும் அறிவிப்பாணையிலேயே எழுதுங்கள். பசுமையாக்குகிறோம் என்று சொல்லிப் புல்வெளியில் மரக்கன்றுகளை நடாதீர்கள். கானமயிலுக்கு வேண்டியது திறந்த வெளி. அளக்கப் போகிறவர்கள் மரக்கூட்டத்தையும் கோயிலையும் மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். மழைநீர் ஓடிவந்து குளத்தில் சேரும் நிலத்தை ஊரார் ஆகோர் என்கிறார்கள். அது போனால் குளம் போகும். குளம் போனால் மந்தை போகும். மாடுகளை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் புதர்களுக்கிடையே நிற்கின்றன. மணலுக்குள் மழைநீரைப் பிடித்துவைக்கும் குறுகலான பேரிக் கிணறுகள் இருக்கின்றன. வரைபடத்தில் இவற்றுக்கும் ஒவ்வொரு புள்ளி வேண்டும். தொல்பொருளுக்கு ஒரு துறை, பறவைக்கு ஒரு துறை, புல்லுக்கு ஒரு துறை என்று நீங்கள் பிரித்துவைத்திருப்பது எல்லாம் அந்த மண்ணில் ஒரே இடத்தில் கிடக்கிறது.

இந்த நில அளவைப் பணி முடியும்வரை, ஓரண் என்று ஊரார் சொல்லும் எந்த நிலத்தையும், பதிவேட்டில் அது எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, யாருக்கும் ஒதுக்காதீர்கள். ஏற்கெனவே ஓரணைக் கடந்து போகும் கம்பிகளில், மண்ணுக்கடியில் கொண்டுபோகக் கூடியவற்றை முதலில் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் பறவை விழுகிறது என்று மேய்ப்பவர்களைக் கேட்டால் தூண் தூணாகச் சொல்வார்கள்.

எல்லையைக் காட்ட ஆவணம் இல்லையே என்று உங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். ஓரண்களுக்குச் சுற்றுவலம் வரும் வழக்கம் உண்டு. பாலும் கங்கை நீரும் ஊற்றிக்கொண்டே எல்லை முழுவதையும் ஊரார் காலால் நடப்பார்கள். பாபா சிறுவனாக இருந்தபோது தன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த தடம் அவருக்கு இன்றும் கல் கல்லாக நினைவிருக்கிறது. அளவைக்கு வருகிறவர்களோடு தானும் நடக்கத் தயார் என்று சொல்லியிருக்கிறார். முழங்கால் வலி இருப்பதால் ஒரே நாளில் முடியாதாம், இரண்டு நாள் ஆகுமாம். வெயில் ஏறுவதற்கு முன் உங்கள் ஆட்களை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு பறவை ஆர்வலன்